உகந்தைக்குத் தெற்கே

பாணமையோடு தார் முடிந்துவிட்டது.
அதுவரை பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த றிஸ்மின்
செம்மண் பள்ளங்களில் ஓட்டோ குதிக்கத் தொடங்கியதும்
பாட்டை நிறுத்திப் பல்லைக் கடித்துக்கொண்டான்.
நாங்கள் இருவரும் பொத்துவிலிலேயே நிறுத்தியிருந்தோம்.

என் சட்டைப் பையில் அடகுச் சிட்டை.
துவைக்க எடுத்தவள் கையில் நனையாமல் அகப்பட்டது.
அவளுடைய காப்புச் சோடி, என் தம்பியின் கட்டார்ப் பயணம்,
நான் சொல்லாமல் விட்ட ஐந்து மாதம்.
ஓட்டோவுக்கு முற்பணம் கொடுத்திருந்தோம்.
அதனால் வந்தோம்.

வனஜீவராசிகள் திணைக்களத்து ஆள்
ஒரு மயிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்தார்.
"கரையால மட்டும் போங்க, காட்டுக்குள்ள வேணாம்,
நாலு மணிக்கு வாங்க" என்றார்.
கரை எதுவரை, காடு எதிலிருந்து
என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அவரும் திணறியிருப்பார்:
பாலைமரத்து வேர் மணலுக்குள் இறங்கி வந்திருந்தது,
மணல் மரத்தின் இடுப்புவரை ஏறிப் போயிருந்தது.

ஆளில்லாத கரைக்கு எதற்கு இவ்வளவு சத்தம்?
தென்னை இல்லை. தோணி இல்லை.
வாடிக்காரர் விட்டுப்போன நாலு கம்பு,
துருவேறிய டின்மீன் பேணி,
எந்த நாட்டு எழுத்தோ பதித்த பச்சை மிதவை.
கச்சான் முதுகில் அடிக்க
இராவணன் மீசைப் பந்துகள்
முள்ளுக்காலால் ஓடிக் கடலில் விழுந்தன.
கிருசாந்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
எனக்கு நாற்பது அடி முன்னால் நடந்தாள்.
அந்தத் தூரம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

பிறகு நின்றாள்.

காட்டிலிருந்து வந்திருந்தது தடம்.
அடம்பன் கொடியை மிதித்து, மேட்டை இறக்கி,
சாப்பாட்டுக் கோப்பையிலும் பெரிதாய் ஒவ்வொன்றும்.
ஈரமணலில் பாதத்து வெடிப்புகள்கூடப் பதிந்திருந்தன,
காய்ந்த குளத்தின் அடியைப்போல.
ஒன்றில் கொஞ்சம் தண்ணீர்.
தண்ணீருக்குள் ஒரு குஞ்சு நண்டு குடியேறியிருந்தது.
தடம் நேரே போய் அலைக்குள் இறங்கியது.
திரும்பியதற்கு அடையாளம் இல்லை.

"போனது வரல்லையே" என்றாள்,
றிஸ்மினைப் பார்த்து.

"உண்ணி கடிச்சா உப்புத் தண்ணிக்க நிப்பான்.
மறுகா வருவான்" என்றான் அவன்.
பிறகு விரலை நனைத்துக் காற்றில் பிடித்து,
"எங்கட மணம் அவனுக்குத்தான் போகுது" என்றான்,
குரலைத் தாழ்த்தி.

மூன்றுபேரும் நெற்றியில் கைவைத்துக்
கடலைத் தேடினோம்.
எழும்பிய ஒவ்வொரு அலைக்கும் முதுகு இருந்தது.
கறுப்பாய், நனைந்து, ஒரு கணம்.
மறுகணம் வெறும் தண்ணீர்.
அலை கால்மாட்டில் வந்து
கடைசித் தடத்தை அழித்தது. அதற்கு முந்தியதை அழித்தது.
சிட்டை வேட்டியில் இருந்திருந்தால்
அதுவும் இப்படிக் கரைந்திருக்கும் என்று நினைத்தேன்.
நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.
அவள் மிஞ்சியிருந்த தடம் ஒன்றுக்குள் இறங்கி
இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றாள்.
இடம் மீதியிருந்தது.
நான் கிட்டப் போகவில்லை.

பாறையைச் சுற்றிப் போன றிஸ்மின்தான் கண்டான்.
அந்தப் பக்கத்தால் ஏறியிருக்கிறான்.
மணலில் நீர் சொட்டிய கோடு இன்னும் காயவில்லை.
இலத்தி புகைந்துகொண்டிருந்தது.
தாழம்பற்றை ஒன்று, காற்றுக்கு எதிர்ப்பக்கம்,
மெதுவாய் அசைந்தது.
நாங்கள் கடலையே பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம்
அவன் எங்களுக்குப் பின்னால்.

"ஓடாதீங்க, நடங்க" என்ற றிஸ்மின்
முதல் ஆளாய் ஓடினான்.

அவளுடைய ஒரு செருப்பு எப்படியோ என் கையில்.
மற்றது அங்கேயே கிடக்கிறது,
மிதவைக்குப் பக்கத்தில், எந்த ஊரென்று தெரியாமல்.

ஓட்டோ மூன்றாம் இழுப்பில்தான் பிடித்தது.
மயில்காரர் எழும்பி நின்று பார்த்தார்.
செம்மண்ணில் குலுங்கிக்கொண்டு
அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:
"எத்தின வீத வட்டி?"

சொன்னேன்.